தேடாத கை

தேவமணி பாலை இறக்கி வைத்துக்கொண்டிருந்தபோது, ஆற்றுப் பாலத்தடியில் இருந்த புறக்காவல் நிலையத்திலிருந்து ஏட்டு கருத்தையாவே அவள் டீக்கடைக்கு வந்தார்.

“ஏளா, ஒரு எட்டு வந்துட்டுப் போ.”

எதற்கென்று அவளுக்குத் தெரியும். ஒரு பெண்ணின் உடம்பைச் சோதிக்க வேண்டுமென்றால் இன்னொரு பெண்தான் சோதிக்க வேண்டும், அதுவும் கண்ணியமாக என்பது சட்டம். அங்கே பெண் காவலர் கிடையாது. அதனால் அவளைக் கூப்பிடுவார்கள். அவள் கதவைச் சாத்துவாள், ஜன்னலில் துண்டைத் தொங்கவிடுவாள், “மன்னிச்சுக்கோம்மா” என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவாள். தொட்ட கையால் அன்றைக்கு ஜெபமாலையை எடுக்கக் கூசும்.

இன்று நிலையத்தின் கதவு திறந்தே கிடந்தது. பெஞ்சில் ஒரு பெண். கழுத்தில் தொங்கிய நர்சிங் கல்லூரி அட்டையில் நிலோஃபர், காயல்பட்டினம் என்றிருந்தது. பர்தாவின் கழுத்தோரம் பிரிந்திருந்ததை ஒரு கையால் பொத்திப் பிடித்திருந்தாள்.

“பஸ்ல ஒரு அம்மா, சங்கிலியக் காணும்னு இந்தப் பிள்ளையக் கைகாட்டிச்சு. கடைசில அது அந்தம்மா பைக்குள்ளயே கெடந்துட்டு. அந்தம்மா அடுத்த பஸ்ஸப் புடிச்சுப் போயிட்டு. இவ என்னன்னா புகார் குடுக்கப் பெரிய ஆபீசுக்குப் போவேங்கா.” ஏட்டு குரலைத் தாழ்த்தினார். “யாரும் கேட்டா நீதான் சோதன போட்டன்னு சொல்லிரு.”

“அப்ப போட்டது யாரு?”

ஏட்டு தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இவருதான்” என்றாள் நிலோஃபர். “கதவக்கூடச் சாத்தல. எங்க வாப்பா வயசு.”

“அவசரத்துல மேலாப்புல பாத்தேன். எனக்கு மக மாதிரிதான?”

“மகள இப்படித்தான் பாப்பியளோ?”

கேட்டுவிட்டுத் தேவமணியே திகைத்தாள். தெருநாயை விரட்டினாலும் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்கிறவள் அவள். இத்தனை நாளும் கூசிக்கூசிச் செய்த காரியத்தை, இந்த மனிதர் தன் கைக்கு உறையாக மாட்டிக்கொள்ளப் பார்க்கிறார்.

“அங்கன ஒன் கட இருக்கணுமா வேண்டாமா? யோசிச்சுப் பேசு” என்றார் ஏட்டு.

தேவமணி, வாசலில் நின்ற ஏட்டின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். துண்டை எடுத்து ஜன்னலை மறைத்தாள். வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, “மன்னிச்சுக்கோம்மா” என்று சொல்லிவிட்டு, பிரிந்த இடத்தைச் சேர்த்துக் குத்தினாள். அதுவரை அழாத பிள்ளை அப்போதுதான் அழுதது.

“எனக்காவச் சொல்லுவியளா அக்கா?”

“நான் சோதன போடல, அவருதான் போட்டாருன்னு எங்க வேணும்னாலும் சொல்லுவேன். எந்தி.”

இருவரும் வெளியே வந்தார்கள். தேவமணி கடைக்குப் போய் அடுப்பை அணைத்தாள். ஏட்டுக்கென்று தனியாக எடுத்து வைக்கும் கண்ணாடி கிளாசைக் கழுவி, பலகையில் கவிழ்த்தாள். “ஏளா, நில்லு” என்று பின்னால் சத்தம் வந்தது. பெரிய ஆபீஸ் பக்கம் போகும் பஸ் வந்து நின்றது; இருவரும் ஏறினார்கள்.

ஜன்னலோரம் உட்கார்ந்த நிலோஃபரின் கை இன்னும் அந்த ஊக்கின் மேலேயே இருந்தது.