வாசலில் கிடந்த செருப்புகள்

காலையில் பாராளுமன்றத்தில் இரத்தினேஸ்வரி பிரதி சபாநாயகராகி ஆசனத்தை நோக்கி நடந்தபோது சபையே எழுந்து நின்றது. மாலையில் கொழும்பு வெள்ளவத்தையிலுள்ள தன் ஃபிளாட்டுக்குத் திரும்பினார். கணவர் காலமானபின் அங்கே அவர் தனிதான். ஆனாலும் அரசியலுக்கு வந்த நாளிலிருந்து, உதவி கேட்டு வருகிறவர்களின் செருப்புகள் வாசலை அடைத்துக் கிடக்கும். கால் தடுக்கி எத்தனையோ தடவை திட்டியிருக்கிறார்.

இன்று வாசலில் ஒரு செருப்புக்கூட இல்லை.

“ஒருத்தரையும் மேல விடலீங்க மேடம்,” என்றார் காவலாளி இராமர் பெருமையாக. “நீங்க இப்ப பெரிய ஆளுன்னு பொலிஸ்ல சொல்லிட்டாங்க.”

“சனம் வராட்டி நான் ஆரோட கதைக்கிறது?” என்று சீறினார் இரத்தினேஸ்வரி.

இராமர் படியிறங்கிப் போனார்.

இரத்தினேஸ்வரி தன் பழைய செருப்புகளையெல்லாம் அள்ளி வந்து வாசலில் கொட்டினார். பிறகு அவற்றைத் தாண்டி, வழக்கம்போலத் திட்டிக்கொண்டே உள்ளே போனார்.