பெவர்லி மூடி வைத்த மூலை

அந்த நவம்பர் முழுக்க மழை. ஓங்கிப் பெய்து ஓய்கிற மழை இல்லை. காலையில் ஆரம்பித்த தூறல் மாலைவரை அதே பதத்தில் விழுந்துகொண்டிருக்கும். வட இங்கிலாந்தில், எங்கள் ஹாலிஃபாக்ஸில், நாங்கள் இதற்குக் குடை எடுப்பதில்லை. பூட்ஸ் மட்டும் நல்லதாக இருந்தால் போதும்.

ஊருக்கு மேலே, குன்றின் சரிவில் எங்கள் தோட்டத் துண்டுகள் நாற்பத்திரண்டு இருக்கின்றன. நகராட்சியிடமிருந்து ஆளுக்கு ஒன்று வாடகைக்கு எடுத்து உருளை, லீக், முட்டைக்கோஸ் என்று போட்டுக்கொள்கிறோம். நவம்பர் கடைசிச் சனிக்கிழமை எல்லோரும் கூடிச் சுத்தம் செய்வோம். பட்டுப்போன பீன்ஸ் கொடியை இறக்குவது, மூங்கில் குச்சிகளைக் கட்டிக் கொட்டகைக்குள் வைப்பது, வலையைச் சுருட்டுவது, பாதையில் அழுகிக் கிடக்கும் இலையை வாருவது. குப்பைக்காக அன்றைக்கு ஒரு பெரிய இரும்புத் தொட்டி வாசலில் வந்து நிற்கும்.

அந்த வருஷம் அறிவிப்புப் பலகையில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. களை முளைக்காமல் இருக்க மண்மேல் விரித்திருக்கும் பழைய தரைக்கம்பளங்களை எல்லோரும் எடுத்துத் தொட்டியில் போட்டுவிட வேண்டும். அவற்றில் இருக்கிற சாயமும் பிளாஸ்டிக் இழையும் மண்ணில் இறங்குகின்றன.

அதைப் படித்ததும் அந்தத் தாளையே கிழித்துவிடலாமா என்று தோன்றியதாகப் பெவர்லி ஹோல்ராய்ட் பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

பெவர்லிக்கு ஐம்பத்தொன்பது வயது. பஸ் ஓட்டுகிறாள். கலகலவென்று பேசுகிறவள், எந்த வம்புக்கும் போகாதவள். அதற்கு முந்தின வருஷம் அக்டோபரில் சர்ச் விற்பனை ஒன்றில் பெயர்ச் சீட்டு இல்லாத ஒரு சின்னத் தொட்டிச் செடியை வாங்கி வந்து தன் துண்டின் பின்மூலையில் நட்டாள். ஏப்ரலில் அது கிளம்பியது. ஜூன் தொடக்கத்தில் அவள் தோளுக்கு வந்துவிட்டது. தண்டு மூங்கில் மாதிரி, கணுக் கணுவாக, உள்ளே வெற்றுக்குழல்.

அந்த வாரம்தான் அவள் வீட்டுக் கதவு வழியாக ஒரு துண்டறிக்கை வந்து விழுந்தது. ஜப்பான் களையைக் கண்டால் உடனே தெரிவியுங்கள் என்று போட்டு, கூடவே படம். வேர் மூன்று மீட்டர் ஆழம் போகும், நகத்தளவு துண்டு விழுந்தாலும் மறுபடி முளைக்கும், பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் வீடு விலை போகாது. எங்கள் பக்கம் இதைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் கிடையாது. படத்தில் இருந்த தண்டும் கணுக் கணுவாக இருந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலையிலேயே போய்ச் செடியைத் தரையோடு வெட்டி, தண்டுகளைக் கறுப்புப் பைகளில் திணித்துக் கொட்டகையில் வைத்தாள். வெட்டிய இடத்தில் தன் வீட்டு மாடிப்படியிலிருந்து உரித்த கம்பளத்தை இரண்டு மடிப்பாகப் போட்டு மேலே செங்கல் அடுக்கினாள். இரண்டு வாரம் கழித்து ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். இருட்டுக்குள் வெள்ளை வெள்ளையாக முளை. அதற்குப் பிறகு தூக்கிப் பார்க்கவே இல்லை.

அந்த மூலைக்கு அந்தப் பக்கம் ஒரு கல் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் கிளைவ் சட்க்ளிஃபின் வீடு.

கிளைவ்தான் எங்கள் தோட்டச் செயலாளர். எழுபது வயது, மனைவி இல்லை. சில வருஷமாகவே மகள் இருக்கிற கடலோர ஊரான விட்பிக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆகஸ்டில் வீட்டை விற்பனைக்குப் போட்டார். அக்டோபரில் வாங்க ஆளும் அமைந்தது. வாங்குகிறவருக்காக வீட்டைச் சோதித்துப் பார்க்கிற சர்வேக்காரர் டிசம்பர் முதல் வாரம் வருவதாக ஏற்பாடு.

"பேரக்குழந்தைங்களோட கடற்கரையில நடக்கப்போறேன் பெவ்," என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். "எனக்கு அப்புறம் இந்தச் செயலாளர் வேலைய எவன் தலையில கட்டலாம்னு யோசிச்சிட்டிருக்கேன். உன் தலை பெருசா இருக்கு."

பெவர்லி சிரிப்பாள். பிறகு பஸ்ஸை எடுத்துக்கொண்டு கால்வாய் ஓரமாகப் போகும்போது, கரை முழுக்க மண்டிக் கிடக்கும் அதே களையைப் பார்க்காமல் ரோட்டிலேயே கண்ணை வைத்துக்கொள்வாள். ஆறு மாதத்தில் ஆறு கிலோ இளைத்திருந்தாள். நாங்கள் எல்லாம் அவளைப் பாராட்டினோம்.

அந்தச் சனிக்கிழமையும் தூறல்தான். ஒன்பது மணிக்கெல்லாம் பாதை சேறாகிவிட்டது. கிளைவ் மஞ்சள் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த பட்டியலோடு ஒவ்வொரு துண்டாக வந்துகொண்டிருந்தார். பெவர்லி முன்பக்கமே நின்று, ஏற்கெனவே கட்டின குச்சிகளை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன் கண்ணு, அந்தக் குச்சிய எத்தனை தடவ கட்டுவ? ஓடியா போயிடும்?" என்றார் கிளைவ். "உன் கம்பளம் ஒண்ணு பின்னாடி கிடக்குல்ல? நான் ஒரு முனையப் பிடிக்கிறேன், வா."

"நானே பாத்துக்கறேன் கிளைவ். நீங்க மத்தவங்களப் பாருங்க."

"நனைஞ்ச கம்பளம் செத்த பன்னி கனம் கனக்கும். உன்னால முடியாது." சொல்லிக்கொண்டே பின்மூலைக்கு நடந்து, செங்கற்களைக் காலால் ஒதுக்கிவிட்டு, குனிந்து ஓரத்தைப் பிடித்தார்.

"தூக்காதீங்க!"

மூன்று துண்டு தள்ளி லீக் பிடுங்கிக்கொண்டிருந்த எனக்கே அந்தச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். கிளைவ் குனிந்தபடியே தலையை மட்டும் திருப்பியிருந்தார்.

"அதுக்கு அடியில ஜப்பான் களை இருக்கு," என்றாள் பெவர்லி. "நான்தான் நட்டேன். தெரியாம நட்டேன். தெரிஞ்சப்புறம் மூடி வச்சேன். ஜூன்லேர்ந்து இருக்கு."

கிளைவ் மெதுவாக நிமிர்ந்தார். சுவரைப் பார்த்தார். சுவருக்கு மேலே தெரிந்த தன் வீட்டுக் கூரையைப் பார்த்தார்.

"ஜூன்லேர்ந்தா?"

"ஆமா."

"நான் வீட்ட விக்கறேன்னு சொன்னப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"வாராவாரம் என் மூஞ்சியப் பாத்து சிரிச்சியே பெவ்."

பெவர்லி தலையைக் குனிந்துகொண்டாள். முகத்தில் வழிந்தது மழையா அழுகையா என்று அங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. கிளைவ் பட்டியலைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு, பாதையில் இறங்கிப் போய்விட்டார். வீட்டுக்குத்தான் போகிறார், இனி வரமாட்டார் என்று நினைத்தேன். பெவர்லி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

கால்மணி கழித்துக் கிளைவ் திரும்பி வந்தார். கூடவே ஒன்பதாம் நம்பர் துண்டுக்கார ஷாஹிதா மஹ்மூத், தோளில் மண்ணைக் கிளறுகிற இரும்பு முள்ளோடு. ஷாஹிதா பதினாலு வருஷம் ரயில் பாதை ஓரம் களை அழிக்கிற வேலையில் இருந்தவள்.

"சர்வேக்காரன் வந்து சொல்றதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்," என்றார் கிளைவ், பெவர்லியைப் பார்க்காமல். "எவ்வளவு தூரம் போயிருக்குன்னு பாரு ஷாஹிதா."

கிளைவ், ஷாஹிதா, நான் மூன்று பேரும் சேர்ந்து கம்பளத்தைத் தூக்கினோம். அடியில் நத்தைகள், வெளிறின முளைகள், பட்டுப்போன அடித்தண்டுகள். ஷாஹிதா குனிந்து ஒரு தண்டை விரலால் தடவினாள். பிறகு பெவர்லியைக் கேட்டாள்.

"வெட்டினத என்ன பண்ணீங்க?"

"கொட்டகையில இருக்கு. பையில. எங்க போடறதுன்னு தெரியல."

"எடுத்துட்டு வாங்க."

பையைப் பிரித்ததும் புளித்த நாற்றம் அடித்தது. ஷாஹிதா முகம் சுளிக்காமல் ஒரு நீளத் தண்டை உருவி எடுத்துக் கணுவைப் பார்த்தாள். அடுத்த கணுவைப் பார்த்தாள். பிறகு முள்ளைக் குத்தி, பெரிய வேர்க்கட்டியாகவே நெம்பி எடுத்துவிட்டாள். அது சுலபமாக வந்தது. அந்தச் சுலபத்தைப் பார்த்தே அவள் உதடு சிரிப்பில் கோணுவதைக் கவனித்தேன். ஒரு வேரை முறித்து எங்களிடம் நீட்டினாள்.

"என்ன கலர்?"

"வெள்ளை," என்றார் கிளைவ். "கொஞ்சம் பழுப்பு."

"ஜப்பான் களைன்னா உள்ள காரட் மாதிரி ஆரஞ்சா இருக்கும். இந்தக் கணுவப் பாருங்க, இலைத் தழும்பு எதிரும் புதிருமா ஜோடி ஜோடியா இருக்கு. அதுல ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம்னு மாறி மாறி வரும். இது இமாலயன் ஹனிசக்கிள். பூ ஊதாக் கலர்ல கொத்துக் கொத்தாத் தொங்கும். பறவைங்க பழத்தத் தின்னும். எங்க மாமியார் வீட்டு வாசல்லயே இருக்கு."

"நிச்சயமாவா?" என்றாள் பெவர்லி.

"பதினாலு வருஷம் அந்தச் சனியனோடதான் குடும்பம் நடத்தினேன். என் புருஷனக்கூட இவ்வளவு நல்லாத் தெரியாது எனக்கு." ஷாஹிதா கையைத் துடைத்துக்கொண்டாள். "ஜூலை வரைக்கும் விட்டிருந்தா பூத்திருக்கும். பாத்ததுமே தெரிஞ்சிருக்கும். பாவம், நல்ல செடி."

முதலில் சிரித்தது கிளைவ்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, இருமல் வரும்வரை சிரித்தார். பெவர்லி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. அவளும் சிரிக்கிறாள் என்று எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று.

"மன்னிச்சிருங்க கிளைவ்," என்றாள், மூச்சு வந்ததும்.

கிளைவ் சிரிப்பை நிறுத்தினார். "களை இல்லன்னு தெரிஞ்சதால சிரிக்கிறேன். நீ சொல்லாம இருந்தது இன்னும் சுடுது. அது போக ரெண்டு நாள் ஆகும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆனா நான் தூக்கறதுக்கு முன்னாடி நீயே சொல்லிட்ட. அதையும் கணக்குல வச்சுக்கறேன்," என்றார்.

கம்பளத்தை நாலு பேரும் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் எறிந்தோம். நிஜமாகவே செத்த பன்னி கனம்தான். அதற்குப் பிறகு பெவர்லி வேலை செய்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! கொட்டகைக் கூரையின் தகர வடிகாலில் அடைத்த இலையை வாரினாள், காலிப் பாத்தியில் எரு பரப்பினாள், தன் துண்டை முடித்துவிட்டு என் துண்டில் அழுகின பூசணிக் கொடியையும் இழுத்துப் போட்டாள். மத்தியானம் டீ இடைவேளையில் யாரோ கொண்டுவந்திருந்த இஞ்சிக் கேக்கில் மூன்று துண்டு தின்றாள். நாலாவதுக்குக் கை நீட்டினபோது கிளைவ் தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

சர்வேக்காரர் டிசம்பர் மூன்றாம் தேதி வந்தார். கூரை ஓட்டில் இரண்டைக் குறை சொன்னார், வேறு ஒன்றும் இல்லை. ஜனவரியில் கிளைவ் விட்பிக்குப் போனார். சாமான் வண்டி கிளம்பின காலையில் பெவர்லி லீவு போட்டுவிட்டு வந்து அவர் பெட்டிகளைத் தூக்கினாள். செயலாளர் வேலை இப்போது ஷாஹிதாவிடம்.