இடுப்பளவு வேலி

ரிக்மோரின் கணவர் எகோன் மார்ச் மாதம் இறந்துபோனார். காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர் அப்படியே மேசைமேல் சாய்ந்துவிட்டார். அடக்கம் முடிந்து மூன்று மாதமாகியும் அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஓடென்ஸ நகரத்தில் இருக்கும் மகள் வாரம் இரண்டு முறை போன் செய்து, சாப்பிட்டாயா என்று விசாரிப்பதைப் போல, "அழுதியாம்மா?" என்று கேட்பாள்.

"இன்னும் இல்ல" என்பாள் ரிக்மோர்.

ஜூன் கடைசியில் உயிர்வேலி வெட்டும் வேளை வந்தது. இரண்டு வீட்டுத் தோட்டங்களுக்கும் நடுவே, பீச் என்ற காட்டுமரத்தின் கன்றுகளை நெருக்கி நட்டு வளர்த்த இருபத்திரண்டு மீட்டர் வேலி. அவரவர் பக்கத்தை அவரவர் வெட்டிக்கொள்ள வேண்டும். உச்சி மட்டும் பொது. அந்த உச்சியில்தான் தகராறு. தக்காளிக்கு வெயில் வேண்டும், இடுப்பளவு போதும் என்றார் எகோன். அடுத்த வீட்டுப் பிரெபென் ஆள் உயரத்துக்கு ஓர் அங்குலம் குறையவும் சம்மதிக்கவில்லை. கடைசியில் வேலித் தகராறு தீர்க்க நகராட்சி அனுப்பிய மூன்று பேர் வந்து, கோல் வைத்து அளந்து, ஒரு மீட்டர் எண்பது என்று தீர்த்துவிட்டுப் போனார்கள். அதோடு ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பிரெபெனின் மனைவி லிஸி கண்ணிலேயே படவில்லை. அவளுக்கும் கோபம் போலும் என்று ரிக்மோர் விட்டுவிட்டாள். அடக்கத்துக்குப் பிரெபென் தனியாக வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு எல்லோருக்கும் கொடுத்த காப்பிக்கு நிற்காமல் போய்விட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை ரிக்மோர் வேலி வெட்டும் மெஷினை வெளியே எடுத்தாள். ஏணி ஏற முழங்கால் இடம் கொடுக்கவில்லை. கைக்கு வசதியான உயரத்தில் வெட்டத் தொடங்கினாள். தடித்த கிளைகளை ரம்பத்தால் அறுத்தாள். கோபமோ பழிவாங்கும் எண்ணமோ இல்லை. கை வெட்டிக்கொண்டே போனது, அவள் கூடவே நடந்தாள். எட்டு மீட்டர் போன பிறகுதான் வேலி இடுப்பளவுக்கு வந்துவிட்டதைக் கவனித்தாள்.

அந்தப் பக்கம் புல்வெளியில் ஒரு நாற்காலி போட்டு லிஸி உட்கார்ந்திருந்தாள். இரவு உடைமேல் குளிர்காலக் கோட்டு. ஒரு காலில் மட்டும் செருப்பு.

"ரிக்மோர், நீயா?" என்றாள் லிஸி சந்தோஷமாக. "உன் வீட்டுக்காரர் எங்க? உன் கையில மெஷினக் குடுத்துட்டுக் கால நீட்டிப் படுத்துட்டாரா?"

"அவர் செத்துப்போயிட்டாரு லிஸி. மார்ச் மாசம்."

லிஸியின் முகம் கோணியது. "எகோனா? நம்ம எகோனா?" என்றாள். பிறகு வாயைத் திறந்து, மூக்கைக்கூடத் துடைக்காமல் அழுதாள். ரிக்மோர் மெஷினைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள்.

உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த கத்தியோடு பிரெபென் வெளியே ஓடிவந்தார். வேலியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"எகோன் எங்கன்னு கேட்டா. சொன்னேன்."

"நானும் அஞ்சாறு தடவ சொல்லிப் பாத்துட்டேன். ஒவ்வொரு தடவையும் இப்பத்தான் கேள்விப்படற மாதிரி அழுவா. சொல்றதையே விட்டுட்டேன்."

"எவ்வளவு நாளா இப்படி?"

"ஏழு வருஷம்." கத்தியைச் சட்டைப் பைக்குள் போடப் பார்த்து, பிறகு கையிலேயே வைத்துக்கொண்டார். "சில நாள் உடம்புல துணியே இல்லாம வந்து நிப்பா. ஊர்ல பாதிப் பேருக்கு எழுத்து சொல்லிக்குடுத்த டீச்சர் அவ. யாரும் பாக்கக் கூடாதுன்னுதான் வேலி."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."

"அவரு தக்காளியப் பத்தி மட்டும்தான் பேசினாரு. நீங்களும் லிஸி எங்கன்னு ஒரு நாள்கூடக் கேக்கல."

அது உண்மைதான். அடுப்பில் ஏதோ தீயும் வாசனை வந்து பிரெபென் உள்ளே போனார்.

லிஸியின் கன்னம் அதற்குள் காய்ந்திருந்தது. தலையைத் திருப்பினாள். "ரிக்மோர், நீயா? எகோன் எங்க?"

கடைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். அது ரிக்மோருக்குத் தெரிந்தே இருந்தது.

"செத்துப்போயிட்டாரு" என்றாள்.

லிஸி மறுபடியும் முதலிலிருந்து அழுதாள். ரிக்மோர் தான் வெட்டிய வேலிமேல் சாய்ந்து கடைசிவரை பார்த்தாள். எகோனுக்காக யாராவது அழட்டும் என்று இருந்தது. தான் செய்வது நல்ல காரியமில்லை என்பதும் தெரிந்தது. இரண்டுமே எட்டத்தில் எங்கேயோ இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை அவள் வெளியே வரவில்லை. திங்கட்கிழமை காலை பிரெபென் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"நான் புகார் குடுக்கலாம், தெரியுமில்ல?"

"குடுங்க."

"பழையபடி வளர நாலு வருஷமாகும்" என்றார். "அப்ப அவ இருப்பாளோ என்னமோ." வேலியை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தார். "பாதி உசரமும் பாதி குட்டையுமா பாக்கச் சகிக்கல."

உள்ளே போய்த் தன் மெஷினை எடுத்துவந்தார். மறுகோடியிலிருந்து தொடங்கி, மிச்சமிருந்த பதினாலு மீட்டரையும் அவள் வெட்டிய உயரத்துக்கே வெட்டினார். ரிக்மோர் தழைகளை வாரி மூட்டை கட்டினாள். முடிந்ததும் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்:

"காலையில நான் கடைக்குப் போயிட்டு வர்ற நேரம் நீங்க தோட்டத்துல இருந்தா, அவமேல ஒரு கண்ணு வெச்சுக்குவீங்களா?"

"வெச்சுக்கறேன். எனக்கு வேற என்ன வேல?"

"அவரப் பத்திக் கேட்டா?"

"கடைக்குப் போயிருக்காருன்னு சொல்றேன்."

அந்தக் கோடை முழுக்க லிஸி அநேகமாகத் தினமும் கேட்டாள். ரிக்மோர் அப்படியேதான் சொன்னாள். "வரட்டும், அவருக்கு இருக்கு" என்று லிஸி சிரிப்பாள். தனக்கு எதுவுமே உறைக்காமல் மரத்துப்போயிருந்த இரண்டு நாட்களில் மட்டும் ரிக்மோர் உண்மையைச் சொன்னாள். இரண்டு முறையும் லிஸி அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிரெபெனிடம் அதைச் சொல்லவில்லை.