கத்தரிக்காய், வாளி, மூக்கு

…சீ, இந்த ஜன்னலை யார் திறந்து வைத்தது, பதனிடத் தோல் ஊறுகிற நாற்றம் நேராக ஏறித் தொண்டையில் உட்கார்ந்துகொள்கிறது, டீயில்கூட அதுதான், மூடினால் வேர்க்கிறது, திறந்தால் குமட்டுகிறது, ஆம்பூர் ஆஸ்பத்திரியில் இந்த அறையில் உட்கார்ந்து நான் மனிதர்களின் ஞாபகத்தை அளக்கிறேனாம்… மனச்சிதைவு வந்தவர்களுக்குக் கவனமும் ஞாபகமும் எவ்வளவு தேறியிருக்கிறது என்று அரை மணியில் சொல்லிவிடுகிற குட்டிப் பரிசோதனை, ஏதோ குளிர்தேசத்தில் செய்தது, 'கரோலின், உங்களுக்குத்தான் தமிழ் நல்லா வரும்' என்று ஐஸ் வைத்துப் பிரேம்நாத் டாக்டர் என் தலையில் கட்டினார். ஞாபகத்துக்குக் கொடுக்கிற வார்த்தைப் பட்டியலில் இருந்த கணப்பு அடுப்பையும் பனிச்சறுக்கையும் தூக்கி எறிந்துவிட்டுக் கத்தரிக்காய், வாளி, மூக்கு என்று பத்து வார்த்தைகள் போட்டேன். என்ன பெருமை அன்றைக்கு! அதே ஆளை ஆறு மாதம் கழித்துச் சோதிக்கும்போது பழையது ஞாபகம் இருந்து தொலைக்குமே என்று இன்னொரு பட்டியலும் போட்டேன், தேங்காய், சைக்கிள், முழங்கை… இப்போது அதைத்தான் இருதயராஜுக்குப் படித்துக் காட்டினேன். ஷூ கம்பெனியில் தோல் வெட்டிக்கொண்டிருந்தவர், நோய் வந்து வீட்டோடு இருக்கிறார், முழுக்கைச் சட்டை, எண்ணெய் வழிகிற தலை, பூசைக்குப் போகிற அலங்காரம். மூளை சரியாக இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கிவந்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். எழுதப்போவது டாக்டர், ஆனால் என் மார்க்கைப் பார்த்துத்தான் எழுதுவார்.

'ஞாபகம் இருக்கறதைச் சொல்லுங்க, முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்ல' என்றேன். அவர் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார், உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, கத்தரிக்காய், வாளி, மூக்கு… தடுமாறாமல், வரிசை மாறாமல், போன தடவைப் பட்டியல் முழுவதும்! அன்றைக்கு இதே ஆளுக்கு மூன்றுக்கு மேல் வரவில்லை. விதிப்படி புதுப் பட்டியலை மறுபடி படித்தேன், மறுபடி கத்தரிக்காய். மூன்றாம் முறையும் அதே கத்தரிக்காய். பாதி சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி அன்னம்மாளின் உதடுகளும் கூடவே அசைவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்று இங்கேயே நின்று காதில் வாங்கியிருக்கிறாள், தினமும் ஜெபமாலை முடிந்ததும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். புதுப் பட்டியலில் ஒன்றுகூட வரவில்லை, ஆகவே பூஜ்யம், சொன்ன பத்தும் பட்டியலில் இல்லாதவை, ஆகவே பத்துத் தப்பு. பத்து வார்த்தையை இத்தனை நாள் சுமந்துவந்தவருக்கு ஞாபகமே இல்லை என்று எழுத வேண்டும், அந்த விதியைத் தமிழில் எழுதி வைத்ததும் நான்தான், தூ.

வெளியே வந்தேன், அன்னம்மாள் சிரிக்கிறாள், 'ஒண்ணுகூட விடலையே மேடம், கரெக்டா சொல்லிட்டாருல்ல?' என்கிறாள், இவளிடம் எந்த வாயால் சொல்வது… 'இந்தத் தடவை வேற வார்த்தைம்மா, மாத்திட்டோம்.' சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது, ஆனால் ஒரு நொடிதான். 'மறுபடி வெப்பீங்க இல்ல? அந்தப் புதுசு இன்னா, சொல்லுங்க மேடம். நான் பார்த்துக்கறேன்.' சொல்லக் கூடாது, சொன்னால் பரிசோதனை நாசம், நாசமாகட்டுமே, இதைக் கட்டிக்கொண்டு யார் அழுவது என்று ஒரு வெறுப்பு பொங்கி வந்தது, டாக்டர் மேல், மேனேஜர் மேல், எல்லாவற்றையும்விட என் மேல்… 'தேங்காய்' என்றேன். கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் சொன்னாள். 'சைக்கிள்.' அதையும் சொன்னாள். இவள் விடமாட்டாள், எப்படியும் ஏற்றிவிடுவாள், டாக்டர் கையெழுத்துப் போட்டுவிடுவார், மறுநாளே இருதயராஜ் தோலை அச்சு வைத்து வெட்டுகிற மெஷின் முன்னால் நிற்பார், மேஸ்திரி 'கையை எடு' என்பான்… மூன்று முறை கேட்டும் புதுசு ஒன்றுகூட உள்ளே போகாத அந்தக் காதில் அது மட்டும் போகுமா? 'அப்புறம் மேடம்?' என்கிறாள் அன்னம்மாள்.