பிரேக்கில் இல்லாத கால்

எங்கள் காரின் கியர்பாக்ஸ் கெட்டதற்கு என் இடது கால்தான் காரணம் என்று பெரம்பலூர் ஷோரூமில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். படித்தவுடன் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அடுத்த நிமிடம் வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

என் இடது கால் சின்ன வயதிலேயே போலியோவில் விழுந்துவிட்டது. தொடை வரை காலிபர் என்கிற இரும்புச் சட்டம் மாட்டித்தான் நடக்கிறேன். அந்தக் காலால் ஓர் எறும்பைக்கூட மிதிக்க முடியாது. அது ஓயாமல் பிரேக்கை அமுக்கிக்கொண்டே இருந்ததாம், வலது கால் ஆக்ஸிலேட்டரை மிதித்ததாம், இரண்டுக்கும் நடுவில் மாட்டி கியர்பாக்ஸ் சூடேறிக் கெட்டதாம். ஓட்டுகிறவர் இரண்டு காலையும் வைத்து ஓட்டுவதால் வாரண்டி கிடையாது என்று முடித்திருந்தார்கள். கீழே அதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தவர் என் கணவரின் அண்ணன் பிலால்.

எங்கள் ஊர் லப்பைக்குடிக்காடு. பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். என் கணவர் ஷஃபியுல்லா தம்மாமில். புருஷன் வெளிநாட்டில் இருந்தால் பேங்க், கரண்ட் ஆபீஸ், ஒர்க்‌ஷாப் எல்லாவற்றுக்கும் அவனுடைய அண்ணனோ தம்பியோ போய்வருவதுதான் வழக்கம். பெண்கள் வாசலில் நின்று விஷயத்தைச் சொல்லி அனுப்புவோம். அப்படித்தான் நான் ஓட்டுகிற காரை, அதுவரை ஒரு நாளும் அதை ஓட்டாத பிலால் பெரியமச்சான் ஷோரூமுக்கு எடுத்துப் போனார். ஆட்டோமேட்டிக் என்றாலே அவருக்கு இளக்காரம். "கியரு போடாத வண்டியெல்லாம் ஒரு வண்டியா" என்பார்.

"அவங்ககிட்ட என்ன சொன்னீங்க பெரியமச்சான்?" என்று கேட்டேன்.

"ஜெர்க் அடிக்குதுன்னு சொன்னேன். யாரு ஓட்டுறாங்கன்னு கேட்டான். தம்பி சம்சாரம்னேன். லேடீஸ்னா ரெண்டு காலயும் வச்சு மிதிப்பாங்க, அதான் இதுன்னுட்டான்."

"எனக்கு ஒரு கால்தான் வேலை செய்யும்னு சொல்ல வேண்டியதுதானே?"

அவர் தரையைப் பார்த்தார். "தம்பி பொண்டாட்டி காலப் பத்தி ஊரான்கிட்ட எப்படிம்மா பேசுறது?"

அதற்கு மேல் அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. கெட்ட மனிதர் இல்லை. மழை நாட்களில் என்னை பைக்கில் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டவர் அவர்தான். ஆனால் அடுத்ததாக அவர் ஒன்று சொன்னார்.

"வண்டிய வித்துப்புடலாம் ஹபீபா. ஷஃபிகிட்டயும் பேசிட்டேன். நீ பழையபடி பஸ்ஸுல போ. முடியாத நாளு ஆட்டோ சொல்லிக்கலாம்."

பழையபடி பஸ்! நான் அரியலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. பல வருஷம் பஸ்ஸில்தான் போய்வந்தேன். எங்கள் ரூட் பஸ்ஸின் முதல் படி என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். "நொண்டியம்மா ஏறட்டும், வழி விடுங்கப்பா" என்று கண்டக்டர் கத்துவார். நல்ல எண்ணத்தில்தான் கத்துவார். மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்க்கும், நான் தலையைக் குனிந்துகொள்வேன். அந்தத் தலைகுனிவு போக வேண்டும் என்றுதான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஆர்.டி.ஓ. ஆபீஸில் முதல் தடவையிலேயே எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கினேன். இப்போது காரை விற்றால் திரும்ப அந்தப் படிக்குத்தான் போக வேண்டும்.

என் கணவர் போனில் சுலபமாக ஒரு வழி சொன்னார். "காலப் பத்திச் சொல்லிடு ஹபீபா. சொன்னீன்னா ஒடனே மாத்திக் குடுத்துருவாங்க."

"பாவம்னு மாத்திக் குடுப்பாங்க. எனக்கு அது வேணாங்க. வண்டில என்ன கோளாறுன்னு காட்டித்தான் கேப்பேன். அது வரைக்கும் யாரும் வண்டிய விக்கக் கூடாது."

"ஒனக்கு இருக்குற புடிவாதத்துக்கு..." என்று ஆரம்பித்து அவரே சிரித்துவிட்டார். "சரி, இன்ஷா அல்லாஹ் பாரு. நீ சொல்ற வரைக்கும் யாரும் கை வைக்க மாட்டாங்க."

வகுப்பில் மாணவிகளிடம் சொல்வதை நானே செய்து பார்த்தேன். சோதனை செய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். ஏ.சி. போட்டும் போடாமலும் ஓட்டினேன். தனியாகவும், வண்டி நிறைய சக ஆசிரியைகளை ஏற்றிக்கொண்டும் ஓட்டினேன். திருச்சி ஹைவேயில் வேகமாகப் போனால் ஒன்றுமே இல்லை. ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் வெயிலில் ரொம்ப நேரம் ஊர்ந்த பிறகுதான் அது வரும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்தும், வண்டி நகராது, பிறகு யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி டக்கென்று பாயும். ஓரமாக நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் சமர்த்தாக ஓடும்.

விஷயம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஆயில் நன்றாகச் சூடாக வேண்டும், அப்போதுதான் கோளாறு தலைகாட்டும். ஷோரூமில் ராத்திரி முழுக்க ஷெட்டில் ஆறிக்கிடந்த வண்டியை எடுத்து பைபாஸில் ஒரு சுற்று சுற்றியிருக்கிறார்கள். வண்டியில் கோளாறு தெரியாததால் ஓட்டுகிறவள் மேல் பழியைப் போட்டுவிட்டார்கள். காய்ச்சல் இறங்கின பிறகு தொட்டுப் பார்த்துவிட்டு உனக்கு ஒன்றுமில்லை என்று அனுப்புகிற வைத்தியம்.

அரையாண்டு விடுமுறையில் ஒரு நாள் நேராக ஷோரூம் வாசலுக்கு ஓட்டிப் போனேன். அறிமுகமில்லாத ஆணோடு தனியாகப் போகக் கூடாது என்று பெரியமச்சானும் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் என்னை ஓட்டவிட்டு, தன் காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். வாசலில் எஞ்சினை அணைக்காமல் சர்வீஸ் மேனேஜர் தர்மராஜுக்கு போன் போட்டேன்.

"மேடம், அது க்ளோஸ் பண்ண கேஸு மேடம்."

"சார், நான் வெளியதான் நிக்கிறேன். ஒங்க ஸ்கேனரை எடுத்துக்கிட்டு வந்து ஏறுங்க. வண்டிய ஆஃப் பண்ணி ஆற வைக்க மாட்டேன், அதனால எறங்கவும் மாட்டேன்."

தர்மராஜ் வந்தார். வயது நாற்பது இருக்கும், சட்டைப் பையில் ஷோரூம் பேர் தைத்திருந்தது. முன் சீட்டில் ஏறி, ஸ்கேனர் வயரை ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்ட வேண்டும் என்று குனியப் போனார். "குடுங்க, நானே மாட்டுறேன்" என்று வாங்கி மாட்டினேன். என் காலை அவர் பார்க்க வேண்டாம். அன்றைக்கு அவர் பார்க்க வேண்டியது கியர்பாக்ஸை.

கொஞ்ச தூரம் வண்டி வெண்ணெயாகப் போனது. "நல்லாத்தானே மேடம் ஓடுது?" என்றார்.

"இன்னும் பாடமே ஆரம்பிக்கல சார்."

அரியலூர் ரோட்டில் திரும்பி லாரிகளின் வரிசையில் சேர்ந்துகொண்டேன். கல் ஏற்றின லாரிகள் தார்ப்பாய் படபடக்க ஊர்ந்தன. கண்ணாடியெல்லாம் வெள்ளைத் தூசி. ரயில்வே கேட் போட்டிருந்தது. நகர்வதும் நிற்பதுமாகப் பொழுது போனது. தர்மராஜ் மணியைப் பார்த்தார், போனைப் பார்த்தார், எனக்கு வேற வண்டியெல்லாம் கெடக்கு மேடம் என்றார். நான் வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னேன்: "போனை உள்ள வைங்க சார். ஆயில் சூடு ஏறுது பாருங்க."

அவர் போனை உள்ளே வைத்தார். எனக்கே ஆச்சரியம்தான்.

கேட் திறந்தது. முன் லாரி நகர்ந்தது. "இப்ப பாருங்க" என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். எஞ்சின் ஊளையிட்டது. வண்டி அசையவில்லை. பின்னால் இருந்த லாரிக்காரர் ஹார்னை அழுத்திப் பிடித்தார். டக்கென்று ஒரு உதை, தர்மராஜின் மடியிலிருந்து ஸ்கேனர் நழுவ, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அதுல பிரேக்குன்னு ஒரு வரி இருக்கும். என்ன போட்டிருக்கு?"

"ஆஃப்" என்றார் முணுமுணுப்பாக.

"சத்தமா."

"பிரேக் ஆஃப், மேடம்."

பின்னால் இருந்து பெரியமச்சான் எட்டிப் பார்த்தார். "ஆஃப்னா என்னம்மா?"

"பிரேக்குல காலே இல்லன்னு அர்த்தம் பெரியமச்சான். என்னோட எந்தக் காலும் இல்ல."

தர்மராஜைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த உதைக்குப் பிறகு அவர் மேனேஜராக இல்லை, மெக்கானிக்காக மாறிவிட்டார். "மேடம், இன்னொரு தடவ அதே மாதிரி... அய்யோ, அப்படியே, அப்படியே!" என்று ஊர்ந்த வழியெல்லாம் ஸ்கேனரில் பதிவு செய்துகொண்டே வந்தார். உள்ளே ஆயிலைத் திறந்து மூடுகிற வால்வு ஒன்று சூட்டில் ஒட்டிக்கொள்கிறது என்றார். திரும்பி வந்து இறங்கும்போது, "ரெண்டு காலுன்னு எழுதினது தப்பு மேடம். நானே அடிச்சுட்டு, கம்பெனிக்கு அனுப்புறேன்" என்றார். சொன்னபடி செய்தார். கம்பெனி ஒரு முறை மறுத்தபோது, அவரே அவர்களோடு மல்லுக்கட்டினார். இதை நான் மறக்க மாட்டேன்.

ஷோரூம் ஆளே வீட்டுக்கு வந்து வண்டியை எடுத்துப் போனார், வாரண்டியிலேயே பாகத்தை மாற்றிவிட்டார்கள். வண்டி தயார் என்று போன் வந்ததும் நானும் பெரியமச்சானும் பஸ்ஸில் பெரம்பலூர் போனோம். ஷோரூம் தரை வழவழவென்று டைல்ஸ். என் காலிபர் ஒவ்வொரு அடிக்கும் சத்தம் போட்டது. சோபாவில் இருந்தவர்கள் திரும்பினார்கள், கவுன்டர் பெண் திரும்பினாள். கையில் சாவியோடு எதிரே வந்த தர்மராஜ் என் காலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம்... இத மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மேடம்."

"சொல்லியிருந்தா என்னைப் பாத்து எரக்கப்பட்டிருப்பீங்க. வண்டியப் பாத்திருக்க மாட்டீங்க" என்றேன்.

அவர் என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில் சாவியைப் பெரியமச்சானிடம் நீட்டினார்.

பெரியமச்சான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். என் காலைப் பற்றி ஊரானிடம் பேசக் கூச்சப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அதே மனிதர், அந்த ஷோரூம் முழுக்கக் கேட்கிற மாதிரி பேசினார்.

"எங்கிட்ட எதுக்கு சார் நீட்டுறீங்க? இது எங்க தம்பி பொண்டாட்டி. இதுக்கு ஒத்தக் காலுதான் வேல செய்யும். அந்த ஒத்தக் கால வச்சுக்கிட்டு, நீங்க அத்தன பேரும் கண்டுபுடிக்காதத கண்டுபுடிச்சிருக்கு, மாஷா அல்லாஹ். வண்டி அதோடது. சாவிய அதுகிட்ட குடுங்க."

மொத்த ஷோரூமும் என் காலைப் பார்த்தது. நான் தலையைக் குனியவில்லை. நிமிர்ந்து நின்று கடைசி வார்த்தை வரை கேட்டேன். அவர் இன்னொரு தடவை சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேன்.