போத்தலுக்குள் இருந்த இறுக்கம்

எண்பத்தோராம் ஆண்டு கச்சான் காற்று வீசிய வெக்கைக் காலத்தில், கல்முனையில் சீனிமுகம்மதுவின் சோடாக் கம்பனியில் போத்தல்கள் வெடிக்கத் தொடங்கின. எல்லாம் கொழும்பு வியாபாரி ஒருவரிடமிருந்து புதிதாக வாங்கியவை. பழைய போத்தல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதியவை கேஸ் அடிக்கும்போதும் வெடித்தன, பெட்டியில் அடுக்கிவைத்த பிறகு சும்மா இருந்தபோதும் வெடித்தன. பாண்டிருப்பிலிருந்து வேலைக்கு வரும் செல்லத்தங்கத்தின் உள்ளங்கையை ஒரு துண்டு கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள்.

சீனிமுகம்மது கேஸைக் குறைத்துப் பார்த்தார். சோடாவின் காரம் போனதே தவிர வெடிப்பது நிற்கவில்லை. வெயிலில் பிடித்துப் பார்த்தால் கீறலும் இல்லை, குமிழியும் இல்லை. எது வெடிக்கும், எது வெடிக்காது என்று யாருக்கும் தெரியவில்லை.

அவருடைய மகள் ஸம்ஸியா பேராதனையில் பௌதிகம் படித்துவிட்டு வந்து பெண்கள் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் ஆதம்பாவா குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்தபோது ஒரு கறுப்புக் கண்ணாடி கொண்டுவந்திருந்தான். வெயில் கூச்சத்தை அறவே எடுத்துவிடும் வகை. ஒருநாள் பின்னேரம் முற்றத்தில் அதைப் போட்டுக்கொண்டு தெற்கு வானத்தைப் பார்த்தவள், தலையைச் சரித்தாள். வானம் சட்டென்று இருண்டது. நிமிர்த்தினாள், வெளித்தது. வானத்து ஒளி ஒரு திசையில் அதிர்ந்து வருவதும், இந்தக் கண்ணாடி அதை ஒரு நிலையில் தடுத்துவிடுவதும் அவள் புத்தகத்தில் படித்தவைதான். கண்ணால் பார்த்ததில்லை. மறுபடி தலையைச் சரித்து, கையிலிருந்த கோடு கீறும் பிளாஸ்டிக் அடிமட்டத்தை அந்த இருட்டுக்கு நேரே பிடித்தாள். அதற்குள் மயில் கழுத்து நிறங்கள் நெளிந்தன. வளைத்தபோது நிறங்கள் நகர்ந்தன.

உடனே அவள் கம்பனிக்குப் போய் ஒரு பழைய போத்தலையும் ஒரு புதுப் போத்தலையும் எடுத்து, அதேபோலத் தலையைச் சரித்து அதே வானத்துக்கு நேரே பிடித்தாள். பழைய போத்தல் இருட்டோடு இருட்டாக நின்றது. புதியதின் அடிப்பாகத்தைச் சுற்றி வெளிறிய பட்டை ஒன்று ஒளிர்ந்தது, ஓரத்தில் மஞ்சள் தட்டியது.

வாப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியை வாங்கிப் போட்டு, அவளைப் போலவே தலையைச் சரித்து நெடுநேரம் பார்த்தார்.

“என்ன மகள் இது?”

“போத்தலச் செய்யக்குள்ள சுறுக்கா ஆறவிட்டிருக்காங்க வாப்பா. வெளிப்பக்கம் முந்தி இறுகிட்டு, உள்பக்கம் பிந்திச் சுருங்கியிருக்கு. அந்த இழுவை இன்னும் உள்ளுக்க கிடக்கு. அதுதான் இப்பிடிப் பட்டையாத் தெரியுது.”

அது எவ்வளவு இழுவை என்று அளக்க முடியுமா என்று கேட்டார். எங்கே என்றுதான் இதில் தெரியும், எவ்வளவு என்று தன்னால் சொல்ல முடியாது என்றாள். வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் ஒரு பளிங்கின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சி, சிதறிவரும் ஒளியின் நிறம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து உள்ளிருக்கும் இறுக்கத்தை அளக்கிறார்களாம், ராமன் சிதறல் என்று விரிவுரையில் கேட்டிருந்தாள். அந்த மெஷின் கொழும்பில் விலைக்குக் கிடைக்குமா என்று அவர் கேட்டபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்த நாள் பின்னேரம் பட்டை தெரிந்தவற்றையும் தெரியாதவற்றையும் வெவ்வேறாக வைத்து, ஈரச் சாக்கு சுற்றிக் கேஸ் அடித்தார்கள். வெடித்தவை கிட்டத்தட்ட எல்லாமே பட்டை தெரிந்தவை. ஆனால் பட்டை தெரிந்த சில போத்தல்கள் அசையாமல் நின்றன. பட்டை இல்லாத ஒன்றும் வெடித்தது. ஸம்ஸியாவுக்கு அது பெரிய குடைச்சலாகிவிட்டது. பட்டை இல்லாமல் வெடித்ததன் துண்டுகளைப் பொறுக்கி மேசையில் பொருத்திப் பார்த்தாள். உடைவு தொடங்கிய கழுத்தோரத்தில் ஒரு சின்ன உராய்வு இருந்தது. அது வேறு கதை என்று மனம் ஆறினாள்.

கட்டுப்போட்ட கையோடு வந்த செல்லத்தங்கம் எல்லாவற்றையும் தள்ளி நின்று பார்த்துவிட்டு, கண்ணாடியைத் தனக்கும் ஒருதரம் தரச் சொன்னாள். பார்த்து முடித்ததும் முதலாளியிடம் சொன்னாள்:

“இனி நான் இதால பாத்த போத்தலத்தான் கையில எடுப்பன்.”

சீனிமுகம்மது ஓம் என்று ஒத்துக்கொண்டார். மறுவாரம் கொழும்பு வியாபாரி லொறியோடு வந்தார். கேஸ் கூடினால் எந்தப் போத்தலும் வெடிக்கும் என்று வந்ததும் வராததுமாகச் சொன்னார். ஸம்ஸியா எதிர்த்துக் கதைக்கவில்லை. பொழுது சாயும்வரை இருக்கச் சொல்லி, தேத்தண்ணி கொடுத்து, கண்ணாடியைக் கையில் தந்தாள். பழையதும் புதியதுமாக மாறிமாறிப் பார்த்த மனிதர் போத்தலை மெல்லக் கீழே வைத்தார். மிச்சப் புதுப் போத்தல்களைத் தன் லொறியில் திருப்பி ஏற்றச் சொன்னார். கண்ணாடியை மட்டும் கழற்ற மனம் வரவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் பார்த்துக்கொண்டே போனவர் லொறிக் கதவருகே நின்றுவிட்டார்.

“பிள்ள, இதிலயும் இருக்குதே. இதுவும் வெடிக்குமா?”

ஸம்ஸியா ஓடிப்போய் அவரிடமிருந்து கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்த்தாள். கதவுக் கண்ணாடி முழுக்கப் புள்ளிகள், வரிசை வரிசையாக, புள்ளிமான் தோலைப் போல. போத்தலில் இறுக்கம் ஓரிடத்தில் குவிந்து கிடந்தது. இங்கே அதை யாரோ வேண்டுமென்றே ஒரே சீராகப் பரப்பிவைத்தது போலிருந்தது. அப்படியானால் இறுக்கம் கண்ணாடிக்குப் பலமாகவும் இருக்குமா?

“இது வெடிக்கிறத்துக்கு இல்ல, உறுதிக்கு எண்டுதான் நினைக்கிறன். படிச்சுத்தான் சொல்லணும்,” என்றாள்.

லொறியின் முன் கண்ணாடியில் புள்ளி ஒன்றும் இல்லை. அது ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. வெளிச்சம் போவதற்குள் பார்த்துவிட வேண்டுமென்று, அவள் ஓட்டுநரை இறங்கச் சொல்லிவிட்டு மற்றப் பக்கக் கதவைப் பார்க்கப் போனாள்.