புரியல, மறுபடி சொல்லுங்க

பல் டாக்டருக்கு விமானம் ஓட்ட வரும். ரேடியோவில் பேசத்தான் வராது. நாள் முழுக்க ஊராரை வாயைத் திறக்கச் சொல்பவளுக்கு, அதன் பொத்தானை அழுத்தியதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

காரணம், ஞாயிறுதோறும் விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருக்கும் அதிகாரி. அவள் பறக்கும் விமானக் கிளப்பில் அவருக்குப் 'பட்டாசு' என்று பெயர். போன வாரம் ஓடுதள எண்ணை அவள் மாற்றிச் சொல்லிவிட்டாள். "மேடம், முதல்ல பேசக் கத்துக்கிட்டு அப்புறம் பறக்க வாங்க" என்றார். வானத்தில் இருந்த அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. இறங்கியதும் காருக்குள் உட்கார்ந்து அழுது தீர்த்தாள்.

அன்று சாயங்காலமே, பட்டாசு மாதிரி பேசிப் பயிற்சி கொடுக்கச் சொல்லித் தங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள். தங்கைக்கு டாக்ஸி கம்பெனியில் டிரைவர்களை விரட்டும் வேலை; கடுகடுவென்று பேச அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. துவைத்த துணிகளை மடித்தபடியே அக்காவைப் படபடவென்று விரட்டினாள். நடுவில் நிறுத்தினாள்.

"அக்கா, புரியலன்னாலும் சரி சரின்னு சொல்லிடற நீ. புரியலன்னு சொன்னா தலையா போயிடும்?"

"அந்த ஆளு கத்துவாரே."

"கத்தட்டும். மேல வந்து கடிக்கவா போறாரு?"

வாரம் முழுக்க இதே பயிற்சி.

ஞாயிறன்று வானத்தில் நெரிசல். இறங்குவதற்கு அனுமதி கேட்டாள். பட்டாசு ஒரே மூச்சில் பொரிந்து தள்ளினார். 'இடது' என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது. வழக்கமாக என்றால் 'சரி' என்று சொல்லிவிட்டுக் குத்துமதிப்பாகத் திரும்பியிருப்பாள்.

"புரியல. மறுபடி மெதுவா சொல்லுங்க."

"ரெண்டு தடவை சொல்ல எனக்கு நேரமில்ல."

பொத்தானை மறுபடியும் அழுத்தினாள். "புரியாம நான் திரும்ப மாட்டேன். இதே உயரத்துல நேரா போயிட்டிருக்கேன். சொல்லுங்க."

பிறகு அவர் சொல் சொல்லாகச் சொன்னார்: இடது பக்கம் வரும் மஞ்சள் விமானத்தைப் போகவிட வேண்டும், அது கடந்த பிறகே திரும்ப வேண்டும். அவள் ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். அப்போதுதான் மஞ்சள் விமானம் கண்ணில் பட்டது. அவசரப்பட்டுத் திரும்பியிருந்தால் நேரே அதன் குறுக்கே போயிருப்பாள்.

சற்றே குதித்துத்தான் தரையிறங்கினாள். "சீக்கிரம் ஓடுதளத்தை விட்டு வெளிய வாங்க" என்று அதற்கும் பட்டாசிடமிருந்து ஒரு கடி.

"வர்றேன்" என்றாள், அவசரப்படாமல்.

கிளப் வாசலில் மஞ்சள் விமானத்துக்காரர் அவளைத் தேடி வந்தார். பறப்பதில் இருபது வருட அனுபவம் அவருக்கு.

"நல்லவேளை கேட்டீங்கம்மா. அவர் பேசறது எனக்கும் பாதி புரியறதில்ல. கேட்க வெட்கப்பட்டுக்கிட்டே காலம் தள்ளிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே போய் பறப்பவர்கள் பட்டியலில் அடுத்த ஞாயிறுக்கும் தன் பெயரை எழுதினாள், பட்டாசு இருக்கும் நேரமாகப் பார்த்து.